விழாத பனிக்குத் துண்டு

எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறார்கள். தென்காசியில் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கத்தரிக்காய் வாங்கிவிட முடியாது. "இன்னிக்கு லீவா?" என்பார் கடைக்காரர். "இல்லண்ணே, ஹோம் ஸ்கூல்" என்றால், "அது எந்தப் பக்கம்? வேன் வருதா?" என்பார்.

மாசி பிறந்தால் இந்த விசாரணை இன்னும் சூடுபிடிக்கும். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருக்க, எங்கள் தவப்புதல்வன் காலையில் வாசலில் நின்று ஸ்கூட்டர் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அட்டவணைப்படி அது பின்னக் கணக்கு நேரம். மூன்று நிறத்தில் எழுதி நான் சுவரில் ஒட்டிய அட்டவணை அது. தவறாமல் அதன் பக்கம் போய்வருவது பல்லி மட்டும்தான்.

"அப்பா, உங்க வண்டி நனைஞ்சிருக்கு. வேப்பமரத்தடியில நிக்கிற அம்மா வண்டி காய்ஞ்சிருக்கே, ஏன்?"

நல்ல கேள்வி வந்தால் கணக்கு ஒத்திவைக்கப்படும் என்பது வீட்டுச் சட்டம். பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். பனி மழைபோல மேலிருந்து விழுவதில்லை என்று ஆரம்பித்தேன். மேகமில்லாத இரவில் தரையும் வண்டியும் தம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகின்றன; காற்றிலுள்ள ஈரம் அவற்றின்மேல் படிகிறது. மரத்தடி வண்டிக்கு மேலே வானத்தை மறைத்துக் கிளை இருப்பதால் அது அவ்வளவு குளிர்வதில்லை.

ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "பனி விழாதாம்லா! மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாவ? ஏல, தலையில துண்டைக் கட்டுல."

பையன் யோசித்தான். "மச்சுதானே ஆச்சி ராத்திரி பூரா வானத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. அதான் அது ரொம்பக் குளிருது. பழமொழி சரிதான்."

அறிவியலும் ஜெயித்தது, ஆச்சியும் ஜெயித்தாள். துண்டு தலைக்கு ஏறியது.

அடுத்த இரண்டு நாள் இருமலில் போயிற்று. பனிதான் காரணம் என்றாள் ஆச்சி. வைரஸ் என்றாள் மகள். கஷாயத்தை இருவர் கட்சிக்கும் பொதுவாக வைத்தாள் என் மனைவி.

அப்புறம் சிவராத்திரி. தேய்பிறைச் சதுர்த்தசி என்பதால் நிலாவின் தொந்தரவு இல்லை. கோயில் வெளியில் நின்று, செந்நிறத்தில் மின்னிய திருவாதிரையை மகள் கண்டுபிடித்து, "பெட்டல்ஜூஸ்!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்த பெரியவர் பதறிவிட்டார். "ஜூஸெல்லாம் கூடாது தாயி, விரதம்."

விடிய விடியக் கண்விழித்ததால் மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. தலைமையாசிரியர்தான் முதலில் தூங்கினார். அதாவது, நான்.

வார இறுதியில் உறவினர்கள் ஆய்வுக்கு வருவார்கள். "பத்தாவது எப்படி எழுதுவா?" 1989 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது, 14 வயது நிறைந்தால் அதில் எழுதலாம் என்பேன். அதைக் காதில் வாங்காமலே மகள் பக்கம் திரும்பி, "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்" என்பார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தாராளமாக வாருங்கள்; காபியும் முறுக்கும் உண்டு. வாய்ப்பாடு கேட்பதாக இருந்தால் மட்டும், பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை நெட்டுருப்போட்டுக்கொண்டு வாருங்கள். அவள் திருப்பிக் கேட்பாள்.