முழுச்சாவி அண்ணன்

ஷா ஆலம் செக்‌ஷன் 15 பக்கம் எந்தத் தொழிற்சாலை ஆபிஸுக்குள் நுழைந்தாலும் இவர் இருப்பார். ஏர்கோன், பிரிண்டர், போன் எல்லாம் இவர் பொறுப்பு. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. பாதிச் சாவிக்குப் பூட்டு எங்கே என்று அவருக்கே தெரியாது. விற்றுப் பத்து வருஷமான கஞ்சில் காரின் சாவியும் அதில் தொங்கும்.

எங்கள் ஆபிஸ் அண்ணன் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, டீம்ஸ்ல பாஸ் பேசுனா கரகரங்குது. குளோபல் அட்மின் போட்டுக் குடு, ரெண்டு நிமிஷத்துல பார்த்துடறேன்."

குழாய் சொட்டுகிறது என்று வந்தவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்ட கதைதான். குளோபல் அட்மின் என்றால் யாருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம், கணக்கையே அழிக்கலாம். அந்தப் பதவி ஐந்து பேருக்கும் குறைவாக இருக்கட்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். எங்களிடம் ஏற்கெனவே ஏழு பேர். அதில் ஒருவர் வேலையை விட்டுப் பினாங்கில் கடை போட்டுவிட்டார்.

வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அதிகாரம் போதும் என்று சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 1975-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அண்ணனுடைய கணக்கு அதற்கும் பழையது. ஷா ஆலம் அன்றைக்குச் சுங்கை ரெங்கம். சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். அண்ணனின் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியலில் பெரட்டுக்கு நிற்கும்போது கிராணியின் சாவிக்கொத்துச் சத்தம் முதலில் வரும், கிராணி பிறகுதான் வருவார். அந்தச் சத்தத்துக்கு அப்பா முதுகை நிமிர்த்திக்கொள்வாராம். மாமாக் கடையில் தே தாரேக் குடிக்கும்போது அண்ணனே சொன்னது.

அதனால் மனசு கேட்காமல், அழைப்புக் கோளாறு பார்ப்பதற்கென்றே இருக்கும் பதவிகளில் கடைசிப் படியைக் கொடுத்தேன்: கம்யூனிகேஷன்ஸ் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட். பெயரின் நீளத்தில் அண்ணன் குளிர்ந்துபோனார். மறுநாளே பெயரட்டை அடிக்க எவ்வளவு வெள்ளி என்று விசாரித்தார்.

மூன்றாம் நாள் முகம் தொங்கிவிட்டது.

"தம்பி, இது கெட்டுப்போச்சு. பாஸ் பேசுனது தெரியுது, யார்கூடப் பேசுனாருன்னு காட்டல."

கெடவில்லை. அந்தப் படியில் இருப்பவருக்குத் தேடிய ஆளின் அழைப்பு மட்டுமே விவரமாகத் தெரியும். மறுமுனைக்காரர் பெயர் மறைந்தே இருக்கும். எல்லார் விவரமும் பார்க்க ஒரு படி மேலே ஏறி சப்போர்ட் எஞ்சினியர் ஆக வேண்டும். கரகரப்புக்கு மருந்து தேட மறுமுனைக்காரர் பெயர் எதற்கு என்று கேட்டேன். அண்ணன் பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

மதியம் அவர் திரையிலேயே இரண்டு பேரும் பார்த்தோம். பாஸ் பேசிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. காலையில் எல்லாம் பச்சை. பன்னிரண்டரைக்குமேல் சிவப்பு. ஜிட்டர் 30 மில்லிசெகண்டைத் தாண்டி நிற்கிறது, பாக்கெட்டுகள் 10 விழுக்காட்டுக்குமேல் காணாமல் போகின்றன. ஒன்றரைக்குமேல் மறுபடி பச்சை. கேபிள் இல்லை, வைஃபை. அதுவும் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ்.

"பன்னிரண்டரைக்கு என்னண்ணே நடக்குது இங்க?"

அண்ணன் யோசித்தார். பாஸ் அறைக்கும் பேன்ட்ரிக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தச் சுவரில் சாய்ந்தபடி மைக்ரோவேவ். அதன் அலையும் அதே 2.4 தான். சோற்றுப் பாத்திரத்தோடு ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றது அண்ணனுடைய டப்பா.

அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மைக்ரோவேவின் பிளக்கைப் பிடுங்கினார். வரிசை முணுமுணுத்தது. அண்ணன் கதவின் பூட்டைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பேன்ட்ரி சாவி யார்கிட்ட இருக்கு?"