ஃபோர்கேயார்

ஃபோர்கேயார் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதல் வணக்கம் டிவிக்குத்தான். வீட்டுக்காரர் "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் இவர் திரைக்கு ஓரடி தூரத்தில் போய் நின்றுவிடுவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, செய்தி வாசிக்கும் அம்மாளின் காதோரத்து முடியை எண்ணுவார். அப்புறம் திரும்பி, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்: "இது வெறும் ஃபுல் ஹெச்டிதானே?"

ஆமாம் என்று ஒப்புக்கொண்டவர் தொலைந்தார். ஃபுல் ஹெச்டி என்றால் 1920க்கு 1080, அதாவது கிட்டத்தட்ட 21 லட்சம் புள்ளி. ஃபோர் கே என்றால் 3840க்கு 2160, அது 83 லட்சம். கணக்கு சரிதான், அச்சாக நாலு மடங்கு. "62 லட்சம் பிக்சல் இல்லாமலே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கீங்களே சார்!" என்பார். காப்பி கொண்டுவந்த வீட்டம்மாள் என்னமோ திருட்டுப் போய்விட்டது என்று நினைத்து பீரோ பக்கம் பார்ப்பார்.

மனிதர் பிறவியிலேயே இப்படி இல்லை. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் டிவி கேம் கேசட்டை வாயால் ஊதி ஊதிச் செருகி வளர்ந்தவர். அந்தப் பெட்டி காட்டிய படமே 256க்கு 240. சின்ன மரியோ 16க்கு 16 கட்டத்துக்குள் அடங்கிவிடுவார், அவருக்கு மீசையும் மூக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் இவர் கோடை விடுமுறை முழுக்கச் சோறு தண்ணி மறந்து கிடந்தார். கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரின் குண்டு மானிட்டரில் வைஸ் சிட்டி விளையாட்டு. அப்போதெல்லாம் தெளிவு போதவில்லை என்று இவர் யாரிடமும் முறையிட்டதாகத் தகவல் இல்லை. சம்பளம் உயர்ந்த பிறகுதான் கண் கூர்மையானது.

சென்னை ரிச்சி தெருவில் இவரைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. ஃபோர் கே டிவி மட்டும் வாங்கப் போனவர்தான். ஆனால் நாலு மடங்கு புள்ளிக்கு ஒவ்வொரு ஃப்ரேமிலும் வண்ணம் பூசியாக வேண்டுமே! அந்த வேலை கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழுகிறது. இருக்கிற கார்டு மூச்சு வாங்கும். 2022இல் 4090 என்ற கார்டு வந்தபோது ஒன்றரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள், வாங்கினார். 2025இல் வந்த 5090 தொடக்க விலையிலேயே 2 லட்சத்தைத் தாண்டியது, அதையும் வாங்கினார். அது 575 வாட் இழுக்கும், 1000 வாட் பவர் சப்ளை போடச் சொல்லி அதைச் செய்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். சப்ளை மாறினால் கார்டின் நீளத்துக்குக் கேபினெட் மாற வேண்டும். கேபினெட் மாறினால் மேஜை கொள்ளாது. மேஜையை மாற்றியபோது பிள்ளையின் படிப்பு மேஜை பால்கனிக்குப் போயிற்று. கடைசியில் ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குக் கூடுதலாகக் கேட்ட சில நூறு ரூபாய்க்கு மட்டும் முக்கால் மணி நேரம் பேரம் பேசினார். பழைய கேபிளே போதும் என்று எழுந்து வந்துவிட்டார். ஃபோர் கேயில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 2.1 ரகக் கேபிள் தேவை. பழையது 60க்கு மேல் ஒழுங்காகச் சுமக்காது. ஆறு மாதம் 120 ஹெர்ட்ஸின் வழவழப்பை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வர்ணித்தார். திரை அந்த ஆறு மாதமும் 60இல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டு நிதித்துறை வேறு கோணத்தில் விசாரிக்கிறது. "ஏங்க, இந்த ரெண்டு மாசமும் நானும் பிள்ளையும் ஊருக்குப் போயிட்டோம், ஏசியே போடலை. கரண்ட் பில் எப்படி இவ்வளவு?" 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று ஏசியை 26இல் வைத்து, போர்வையும் போர்த்தாமல் படுக்கிற குடும்பம் அது. கார்டு, பிராசஸர், திரை எல்லாம் சேர்த்து தினம் நாலு மணி நேரம் ஓடினால் 3 யூனிட்டுக்குக் கிட்டே வரும், இரண்டு மாத பில்லில் 150க்கு மேல். அத்தனை மின்சாரமும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் இறங்கும். சென்னை மே மாதத்தில் அந்த வெப்பத்தை விரட்ட ஏசி. ஃபோர்கேயார் இதற்கு, "மீட்டர்ல ஏதோ கோளாறு, ஈபிக்குப் போய் எழுதிக் கொடுக்கணும்" என்று பதில் சொல்லி வைத்திருக்கிறார்.

சரி, விளையாடுகிறாரா? ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போடுவார். டிஸ்கில் 150 ஜிபி அடைக்கிற விளையாட்டு. முதல் ஒரு மணி நேரம் செட்டிங்ஸ் பக்கத்தில் கழியும். நிழல் எவ்வளவு, புல் எவ்வளவு, தண்ணீரில் பிரதிபலிப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்குவார். பிறகு குதிரையில் ஏறி நாலு எட்டு போவார், இறங்குவார், பிடரி மயிரைச் சுற்றிவந்து பார்ப்பார். எதிரி கூட்டமாக வந்து சுட்டுக்கொண்டிருப்பான். இவர் சேற்றில் பதிந்த குளம்புத் தடத்தை மெச்சிக்கொண்டே உயிரை விடுவார். திரையின் மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும், கதையில் யார் செத்தார் என்பதைவிட அது 60இலிருந்து 57க்கு இறங்கியதுதான் பெரிய துயரம். கதாநாயகன் ஆர்தர் மார்கனுக்குக் காசநோய் வந்த கட்டத்தில்கூட இவர் கண் கலங்கவில்லை. "இருமும்போது கழுத்து நரம்பைப் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

இவர் சொல்வது முழுக்கப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஃபுல் ஹெச்டியில் தூரத்து மின்கம்பியும் மரத்து இலையும் கேமரா நகரும்போது மினுமினுத்து உறுத்தும், ஃபோர் கேயில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே, அது கார்டு மாதிரி வருஷத்துக்கு வருஷம் புதிதாக வருவதில்லை. நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறிகிற நுணுக்கம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்பார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 55 இஞ்ச் டிவியிலிருந்து ஏழு அடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு ஃபுல் ஹெச்டியின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது. ஃபோர்கேயார் வீட்டு சோபா பத்தடி தள்ளி இருக்கிறது. அதை முன்னால் நகர்த்தினால் பூஜை அலமாரிக் கதவு திறக்காது. ஆகவே வாங்கிய புள்ளி வீணாகக் கூடாது என்று, குஷன் வைத்த சோபா காலியாகக் கிடக்க, இவர் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுத் திரைக்கு நாலடியில் குந்தியிருக்கிறார். முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வதும் அங்கேதான்.

மேஜையில் 27 இஞ்ச் மானிட்டர் வைத்து இரண்டரை அடியில் ஆடுகிறவருக்கு 1440 போதும் என்பது என் கட்சி. அதில் 37 லட்சம் புள்ளி உண்டு. நடுத்தரக் கார்டே இழுத்துவிடும், கண்ணும் குறை சொல்லாது. இதை இவரிடம் சொல்லிப் பாருங்கள். பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பவர் செக் பண்ணி எவ்வளவு நாள் ஆச்சு?" என்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2 லட்ச ரூபாய்க் கார்டும் புதிய விளையாட்டுகளில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் ஃபோர் கேயில் திணறத்தான் செய்கிறது. அதற்கு மருந்து டிஎல்எஸ்எஸ். 2018இல் வந்த ஏற்பாடு. அதன் 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் கார்டு உள்ளுக்குள் வரைவது அதே பழைய 1920க்கு 1080தான். மிச்சம் முக்கால் பங்கை செயற்கை நுண்ணறிவு ஊகித்து நிரப்புகிறது. ஒரு டம்ளரை நாலு டம்ளர் ஆக்கும் இந்த வித்தையை நம் பால்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள், பாவம், அவர்களுக்குத்தான் இப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. வித்தை நன்றாகவே வேலை செய்கிறது, குற்றம் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். ஃபோர்கேயாருக்கு இது தெரியும். தெரிந்தும் அந்தப் பொத்தானை எல்லாரும் தூங்கிய பிறகுதான் அழுத்துகிறார்.

இவருக்கு வாய்த்த ஒரே எதிரி அத்தை பையன். கல்லூரியில் படிக்கிறான், கவுண்ட்டர்-ஸ்டிரைக் வெறியன். நல்ல 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 1280க்கு 960இல், அதுவும் படத்தை பக்கவாட்டில் இழுத்துவிட்டு ஆடுகிறான். மனிதர்களெல்லாம் குட்டையாகக் குண்டாகத் தெரிகிறார்கள். ஃபோர்கேயார் முதன்முறை பார்த்தபோது வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல் நெஞ்சில் கை வைத்தார்.

"டேய், என்னடா இது கண்றாவி?"

"ஆள் அகலமா தெரிவான்ணா. சுட ஈஸி."

"அந்தச் சுவத்துல டெக்ஸ்ச்சரே இல்லியேடா!"

"சுவத்தை யாருண்ணா சுடப் போறாங்க?"

பையன் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல இது. பரிசுப் பணத்துக்கு ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் இந்த அளவில்தான் ஆடுகிறார்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லிசெகண்ட், 240இல் 4.2. எதிரி மூலை திரும்புவது முன்னால் தெரிகிறவன் பிழைக்கிறான், அவன் சட்டைத் தையல் தெரிகிறவன் அல்ல. அன்று இருவரும் எதிரெதிரே ஆடிப் பார்த்தார்கள். முடிவை ஃபோர்கேயார் வெளியே சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்.

ஃபோர் கேயோடு இவர் ஆசை நிற்கவில்லை. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்த புதிதில் அதன் பெட்டியில் '8கே' என்று அச்சிட்டிருந்தது. இவர் அந்தப் பெட்டியைக் கத்தரித்து எடுத்து இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். 8கே என்றால் கிட்டத்தட்ட 3 கோடியே 32 லட்சம் புள்ளி. அதில் ஆட விளையாட்டு எங்கே என்று கேட்பது இவருக்குப் பிடிக்காது.

அத்தை பையன் மட்டும் இவரை ஒரு நாளும் கேலி செய்வதில்லை. இவர் 4090 வாங்கியபோது கழற்றிய கார்டு பாதி விலைக்கு அவனுக்குத்தான் போயிற்று. 5090 வந்தபோது 4090உம் அவனுக்கே. 1280க்கு 960 ஆடுகிறவனுக்கு எதற்கடா அவ்வளவு பெரிய கார்டு என்று அத்தை கேட்டதற்கு, இரண்டையும் ஹாஸ்டலில் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டதை அவன் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் வந்திருந்தான். ஃபோர்கேயாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குதிரையின் பிடரியை வாய் பிளந்து ரசித்து, "செம க்ளாரிட்டிண்ணா" என்று மூன்று தரம் சொன்னான். எழுந்திருக்கும்போது மெல்லக் கேட்டான்:

"அண்ணா, 6090 எப்ப வருதுன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"