கடல் விட்டுப்போன ஊரில் ஒரு கடல் பை

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது எனக்கொரு தோள்பை கொண்டுவந்தான். சாம்பல் நிறம், ஏழு ஜிப். அதில் இரண்டு எதற்கென்று இன்றுவரை பிடிபடவில்லை. "மாமா, இது கடல் பிளாஸ்டிக்ல செஞ்சது" என்றான். உடனே மோந்து பார்த்தேன். கருவாட்டு வாசனை இல்லை.

"குப்பையில செஞ்சதா? எவ்வளவுப்பா குடுத்த?" என்றாள் என் மனைவி. அவன் டாலரில் சொன்னான். அவள் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு, பழைய இரும்புக் கடைக்கு இத்தனை வருஷமாக எடைக்குப் போட்ட காலி பாட்டில்களை நினைத்து வாயடைத்துப் போனாள்.

அவனும் விடவில்லை. பாட்டிலைக் கழுவி, சீவல் சீவலாக நொறுக்கி, உருக்கி, இழையாக இழுத்து, நூலாக்கி நெய்வார்கள் என்று விளக்கினான். 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குப் பிரதமர் போட்டுக்கொண்டு போன நீலநிறக் கையில்லாக் கோட்டும் அப்படிச் செய்ததுதான், துணி நம் கரூர் ஆலையுடையது என்று பெருமையாகச் சொன்னான். அதுதான் அவன் செய்த தப்பு. "கரூர்லயே செய்யறதை எதுக்கு சிங்கப்பூர் போய் வாங்குன?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பையில் ஒரு அட்டை தொங்கியது. நிதானமாகப் படித்தால், 'கடலில் எடுத்தது' என்று அதில் இல்லை. 'கடலை நோக்கிப் போகும் பிளாஸ்டிக்' என்றுதான் இருந்தது. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், அள்ள ஆளில்லாமல் கிடக்கிற குப்பைக்கு அந்தப் பெயராம். கடலைக் கண்ணால் பார்க்காத பாட்டிலுக்கும் கடல் பட்டம் உண்டு. நிச்சயதார்த்தம் முடிந்ததுமே மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி.

நம் ஊர்க் குப்பைக்கு அந்தத் தகுதி உண்டா என்று செல்போனில் வரைபடத்தை வைத்து அளந்தோம். பெரம்பலூர் 100 கிலோமீட்டரைத் தாண்டியது, தள்ளுபடி. அரியலூர் 80க்கு மேல், அதுவும் தள்ளுபடி. ஜெயங்கொண்டம் 50ஐ ஒட்டி வந்து நூலிழையில் கோட்டை விட்டது. கங்கைகொண்ட சோழபுரம் மட்டும் பாஸ். கடாரம் வரை கப்பல் விட்ட ராஜேந்திரன் தலைநகருக்கு இடம் பார்த்தபோதே இதையும் யோசித்திருப்பான் போல.

ஆற்றங்கரைக் குப்பையைச் சேர்த்துக்கொள்கிற விதியும் இருக்கிறது என்றான் மருமகன். எனக்கு உயிர் வந்தது. மருதையாறு இருக்கிறதே! பல மாதம் அதில் தண்ணீரைத் தவிர எல்லாம் கிடக்கும். ஒரு நல்ல மழை அடித்தால் பாலத்தடிக் கவர்கள் அத்தனையும் கொள்ளிடத்துக்குக் கிளம்பிவிடும். அங்கிருந்து கடல்தான். டிக்கெட் கிடையாது, சில்லறைப் பாக்கியும் கிடையாது.

ஆனாலும் ரோஷம் அடங்கவில்லை. கடலைப் பற்றி எங்களுக்கா அட்டை எழுதித் தொங்கவிடுவது? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே நின்றதே கடல்தான். காரை ஓடைப் பக்கம் நத்தையைப் போல் சுருண்ட அம்மோனைட் கல் இன்றும் அகப்படும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாய்ப் படுத்திருக்கிறது. 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. வெள்ளம் அடித்துக்கொண்டுபோய்க் கடலில் தள்ளிய மரம். கடலை நோக்கிப் போன எங்கள் ஊரின் முதல் குப்பை அதுதான். அதை யாரும் பையாகத் தைக்கவில்லை. வேலி போட்டுப் பூங்கா வைத்தார்கள். அந்தக் கடலின் சிப்பியும் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லாகி, அரியலூர் ஆலைகளில் சிமெண்டாகி, ஊர் ஊராக வீடாகி நிற்கின்றன. கடல் பொருளில் நாங்கள் குடியே இருக்கிறோம்.

பையின் பெரிய ஜிப் சித்திரை பிறப்பதற்குள் பல்லிளித்தது. பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கிள்ளிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன ஐட்டம் சார்?"

"பாட்டில்ல செஞ்ச பை."

"பாட்டிலா இருந்தப்பவே குடுத்திருந்தா எடுத்திருப்பேனே!"

துணி, பஞ்சு, ஜிப், ரப்பர், பசை என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது, பிரிக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்றார். அப்படித் தேறாத பிளாஸ்டிக்கைத்தான் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். அங்கே உலையில் சுண்ணாம்புக்கல் 1,450 டிகிரியில் வேகிறது. என் பை கடைசியில் கடலைச் சந்திக்கப் போவது அங்கேதான் போலிருக்கிறது. கிளம்பிய இடம் எந்தக் கடற்கரையோ, போய்ச் சேருகிற இடம் பழைய கடலின் அடித்தரை.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று, கல்யாண வீடுகளில் வாங்கிய மஞ்சள் பைகளை மடித்து அதற்குள் அடுக்கி வைத்திருக்கிறாள் என் மனைவி. எண்ணிப் பார்த்தேன், 17 இருக்கின்றன. எதிலும் ஜிப் இல்லை.