பதினொரு பிள்ளைகளும் இரண்டு வேன்களும்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மாமாவுக்கு,

 

பையனை எந்தக் காலேஜில் சேர்த்தாய் என்று போனில் கேட்டீர்கள். சேர்க்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. இப்போது நடப்பது பெண் பார்க்கும் படலம். இங்கே பதினொன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்க் கல்லூரிகளைப் பார்த்து, பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் கிடையாது. நம்மைப் பிடித்திருக்கிறதா என்று அவர்கள் சொல்வது அடுத்த வருடம். ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் நாலைந்து பேருக்கு மேல் இடம் இல்லை.

ஏப்ரல் விடுமுறையில் போவதாக ஏற்பாடு. கோடையில் போனால் வகுப்பு நடக்காது, வெறும் கட்டடத்தைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். முதலில் யேல், பிறகு பாஸ்டன் பக்கம் ஹார்வர்டு, எம்.ஐ.டி. (குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.) தமிழ்ப் பள்ளியில் கூடப் படிக்கிற பதினொரு பிள்ளைகள் சேர்ந்து போகிறார்கள். தனித்தனியாகப் போனால் பாதி வழியிலேயே அப்பனும் பிள்ளையும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்பது முன்னால் போய் வந்தவர்கள் சொன்ன பாடம். ஒருங்கிணைப்பாளர் அடியேன். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன், அதற்குள் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

முதல் சண்டை வண்டியில் ஆரம்பித்தது. ஓட்டுநரையும் சேர்த்துப் பதினைந்து பேர் உட்காரும் வேன் வாடகைக்குக் கிடைக்கும். பதினாறு இருக்கை என்றால் பஸ் ஓட்டும் உரிமம் வேண்டும். பதினொரு பிள்ளைகள், நாலு பெரியவர்கள், கணக்கு அழகாகப் பொருந்தியது. அன்று ராத்திரி ஒரு அம்மா, முழுக்க ஆள் ஏற்றினால் அந்த வகை வேன் கவிழும் அபாயம் அதிகம் என்று அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை எச்சரித்திருப்பதைக் கண்டுபிடித்துக் குழுவில் போட்டார். உண்மைதான். பின்சக்கரத்துக்கு அப்பாலும் இருக்கை இருப்பதால் பாரம் பின்னால் போய்விடுகிறதாம். அதற்குப் பிறகு யாரும் தூங்கவில்லை. இப்போது எட்டுப் பேர் உட்காரும் சின்ன வேன் இரண்டு என்று முடிவு. எந்தப் பிள்ளை எந்த வண்டியில் என்பதற்குத் தனிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. கர்நாடகமும் நாமும் காவிரிக்குப் பேசினோமே, அந்த வேகத்தில்.

அடுத்தது காகிதம். அம்மா அப்பா கூட வராத ஒவ்வொரு பிள்ளைக்கும் அனுமதிக் கடிதம், அவசர சிகிச்சைக்குச் சம்மதம், காப்பீட்டு அட்டை நகல், எது சாப்பிட்டால் ஒவ்வாது என்கிற பட்டியல். ஒருவனுக்கு வேர்க்கடலை ஆகாது, இன்னொருத்திக்கு முந்திரி ஆகாது. புளியோதரை கட்டித் தருகிறேன் என்று கிளம்பிய மூன்று அம்மாக்களின் உற்சாகம் அத்தோடு அடங்கியது. நான் ஒன்பதாம் வகுப்பில் மகாபலிபுரம் போனபோது ஒரே ஒரு கையெழுத்துதான் கேட்டார்கள். அதை யார் போட்டது என்று இப்போது கிளற வேண்டாம்.

எந்தக் கல்லூரி என்பதிலும் இரண்டு கட்சி. பெற்றோர் பட்டியலில் இருப்பதெல்லாம் கடலூரில் சொன்னாலும் தெரிகிற பெயர்கள். பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டது ஆம்ஹர்ஸ்டில் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலப் பல்கலைக்கழகம். காரணம், கல்லூரிச் சாப்பாட்டுத் தரவரிசையில் அது பல வருடங்கள் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. நாலு வருடம் மூன்று வேளை சாப்பிடப் போவது அவர்கள்தானே. திரும்பும் வழியில் சேர்த்துவிட்டேன், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து.

யேலைச் சேர்த்ததற்கு என் காரணம் வேறு. அந்தப் பெயருக்குரிய எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் மெட்ராஸ் கவர்னர். சொந்தப் பைக்கு வியாபாரம் செய்தார் என்ற புகாரில் பதவி போனது. உங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியது அவர் காலத்தில்தான், 1690இல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம்வரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. பத்திரப்பதிவில் இப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது! பிறகு 1718இல், பெயர் தேடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகம், ஒரு ராஜா படம் அனுப்பினார். சரக்கு விற்றதில் வந்தது 560 பவுண்டு சொச்சம். அதற்கே பெயர் வைத்துவிட்டார்கள். இன்று அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு வருடப் படிப்பும் சாப்பாடும் சேர்த்துப் பட்டியல் விலை 90,000 டாலரைத் தாண்டுகிறது, முக்கால் கோடி ரூபாய்க்கும் மேல். வருமானத்தைப் பார்த்துக் குறைத்தும் தருவார்கள். எங்கள் சம்பளம் குறைப்பதற்கு அதிகம், கட்டுவதற்குப் போதாது.

போய்ச் சேர்ந்தால் ஒரு மாணவியோ மாணவனோ பின்பக்கமாகவே நடந்துகொண்டு நம்மிடம் பேசியபடி சுற்றிக் காட்டுவார்கள். மூத்த மகளோடு முன்பு இப்படிப் போனபோது, சுற்றிக் காட்டிய பெண் படியில் விழுந்துவிடுவாளோ என்ற பதைப்பில் நூலகத்தைப் பற்றிச் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஹார்வர்டில் ஜான் ஹார்வர்டு சிலையின் காலணி நுனியைத் தடவினால் ராசி என்று சுற்றுலாக்காரர்கள் தேய்த்துத் தேய்த்து அது பளபளக்கிறது. சிலையில் இருப்பது அவர் முகமே இல்லை, கல்லூரியை நிறுவியவரும் அவர் இல்லை, பொறித்த வருடமும் தப்பு. இதைச் சொல்லியும் எங்கள் கூட்டத்து அம்மாக்கள் தடவாமல் வர மாட்டோம் என்கிறார்கள். எம்.ஐ.டி. பக்கத்துப் பாலத்தை 1958இல் மாணவர்கள் ஆலிவர் ஸ்மூட் என்கிற சக மாணவனைப் படுக்கவைத்துப் படுக்கவைத்து அளந்திருக்கிறார்கள். 364.4 ஸ்மூட், கூடவே ஒரு காது. ஸ்மூட் பின்னாளில் உலகத் தர நிர்ணய அமைப்புக்கே தலைவரானார். பையனிடம் இதைச் சொன்னதிலிருந்து எம்.ஐ.டி. மேல் அவனுக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.

மாமா, ஒரு உதவி. தேவனாம்பட்டினம் பக்கம் போனால் அந்தக் கோட்டையில் மிச்சமிருக்கும் சுவரைப் படம் எடுத்து அனுப்புங்கள். யேலில் ‘கேள்வி உண்டா’ என்று கேட்கும்போது எடுத்துக் காட்டலாம் என்றிருந்தேன். அதற்குள் பிள்ளைகள் பதினொரு பேரும் சேர்ந்து, கூட வரும் பெரியவர்களுக்கு ஓர் அனுமதிக் கடிதம் தயாரித்துவிட்டார்கள். கேள்வி கேட்கக் கூடாது, வழிகாட்டியிடம் எவ்வளவு மதிப்பெண் என்று விசாரிக்கக் கூடாது, தமிழில் சத்தமாக விலை சொல்லக் கூடாது. நேற்று நால்வரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். படத்தை எப்படியும் அனுப்புங்கள், முதல் நிபந்தனையில் ‘படம் காட்டக் கூடாது’ என்று இல்லை.

அன்புடன்,
உங்கள் மருமகன்