பாலத்தில் நிற்கும் சிறகுகள்

பறக்காத விமானங்களைப் பார்க்க டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகம் வரை போக வேண்டுமா?

நேற்றையும் இன்றையும் இணைக்கப் பாலம் வேண்டாமா? 1933-ல் நம் விமானப்படையின் முதல் அணி தொடங்கியபோது இருந்தவை 4 வபிட்டி விமானங்கள்தான். அந்த ரகத்தில் ஒன்றை அங்கே கண்ணாரக் காணலாம்.

‘நாட்’ என்றால் கொசு மாதிரி ஒரு பூச்சியாமே! அங்கே நிற்கும் போர் விமானத்துக்கு இப்படியா பெயர் வைப்பது?

கொசு யாரைத் தூங்கவிட்டிருக்கிறது? 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில், ‘நாட்’டில் ஏறி நாட்டைக் காத்து உயிர் கொடுத்தவர் நிர்மல் ஜித் சிங் செகோன். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அந்த ரக விமானத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

எடைக்குப் போட்டிருந்தால் காசாவது தேறியிருக்குமே?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எடைக்குத்தான் ஆகும் என்பதுபோல் பிரிட்டிஷார் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைச் சேதப்படுத்தி, கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். எச்.ஏ.எல். விமான நிறுவனத்தார் அவற்றுக்கு மறுஉயிர் கொடுத்தார்கள். 1968 வரை பறந்தன. இன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் லிபரேட்டர், நாம் கொடுத்தது!

உழைத்த இரும்புக்கு எடை உண்டு, விலை கிடையாது.