துப்புறது நெருப்பில்ல, மாப்ள!

வா மாப்ள, உக்காரு. கசார்வாடி முழுக்க ஒன் பேச்சாத்தான் கெடக்கு. மேல மெட்ரோ ஓடுது, கீழ பழைய மும்பை ரோட்டுல பஸ் ஓடுது, நடுவுல நம்ம வீட்டு மாப்பிள்ளை கூரை இல்லாத கார்ல வாரானாம். டீக்கடைக்காரன் கூடக் கேட்டுட்டான், "என்ன மாமா, கூரை போடக் காசு பத்தலையா?"ன்னு. ஒன்னைய விட்டுக்குடுப்பேனா? "கூரைக்கு வச்சிருந்த காசு பூரா பிரேக் ஆயிலுக்குப் போயிட்டு"ன்னு சொல்லிட்டேன். பொய் ஒண்ணும் இல்லையே?

பேரைப் பாரு பேரை. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். முன்பேருக்கு வெற்றின்னு அர்த்தம், பின்பேருக்கு நெருப்பைத் துப்புறவன்னு அர்த்தம். போர் விமானத்தோட பேரு அது. 1962-ல இந்தக் கார் சீமையில வெளிய வந்தப்போ அப்பிடிப் பேரு வச்சான். ஒன் வண்டியும் துப்பத்தான் செய்யுது, இல்லேங்கல. வாசல் சிமெண்டுத் தரையில நாலு எடத்துல துப்பி வச்சிருக்கு. ஒங்க அத்தை ரெண்டு நாளா அது மேலயே கோலம் போட்டு மறைக்கா.

சீமை வண்டின்னு மிரளாத. இதோட அடிச்சட்டம் ட்ரையம்ஃப் ஹெரால்டுலேர்ந்து வந்தது. அந்த ஹெரால்டைத்தான் 1961-லேர்ந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு செஞ்சாங்க. வண்டலூர்ப் பக்கம் ஃபேக்டரி. ரெண்டுக்கும் உருவம் வரைஞ்சது மிக்கெலாட்டிங்கற ஒரே இத்தாலிக்காரர். பெரியம்மா மவனும் சித்தி மவனும் மாதிரின்னு வச்சுக்க. நான் நாசிக் ஃபாட்டா பட்டறைக்கு வாரதுக்கு முந்தி ஊர்ல ஹெரால்டுக்குத்தான் ஸ்பேனர் பிடிச்சுப் பழகினேன். அதனால இது எனக்குத் தாயாதி வீட்டுச் சங்கதி.

இப்ப ஒன் வைத்தியத்தைப் பேசுவோம். ஆயில் குறைஞ்சா ஊத்துத. திரும்பக் குறைஞ்சா திரும்ப ஊத்துத. நல்ல ஏற்பாடு மாப்ள, நிறுத்தாத! ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் மாடி கட்ட வேண்டாமா? பானெட்டைத் தூக்குனா டப்பா எத்தனை இருக்கு? ரெண்டு. ஒண்ணு பிரேக்குக்கு, ஒண்ணு கிளச்சுக்கு. எது குறையுதுன்னு கேட்டா, "ரெண்டுலயும் ஊத்துதேன் மாமா"ங்க. ரெண்டு பிள்ளைல ஒண்ணுக்கு வயித்துப்போக்குன்னா ரெண்டுக்குமா மாத்திரை குடுப்ப? ரெண்டு டப்பா மேலயும் பேனாவால ஒரு கோடு போடு. எந்தக் கோட்டை விட்டு ஆயில் இறங்குதோ அந்த வீட்டுலதான் களவு. கிளச்சு டப்பா இறங்கிச்சுன்னா கியர்பாக்ஸ் ஓரத்துல இருக்க சிலிண்டரைப் போய்ப் பாரு. அதை விட்டுட்டு நாலு சக்கரத்தையும் கழட்டுனா பாவம் ஒனக்குத்தான்.

பிரேக் டப்பா கொஞ்சமா இறங்கினதும் ஒப்பாரி வைக்கவும் கூடாது. முன்னால டிஸ்க் இருக்கு. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அது விட்ட எடத்துல ஆயில் போய் நிக்கும். அது நியாயமான செலவு. வாரத்துக்கு அரை டப்பா காணாமப் போனா, அது பேட் தின்னதில்ல.

சரி, தரையில கெடக்கது பிரேக் ஆயில்தானா? பழைய இங்கிலீஷ் வண்டி எல்லாத்தையும் ஒழுக்கும் மாப்ள, தாராள மனசு. ராத்திரி வண்டிக்கு அடியில பழைய பேப்பரை விரி. முன் சக்கரம், பின் சக்கரம்னு எழுதி வையி. காலையில சொட்டு விழுந்த எடத்தைக் கிழிச்சு டம்ளர் தண்ணியில அலசு. இஞ்சின் ஆயில்னா மேல மினுமினுன்னு மிதக்கும். பிரேக் ஆயில் தண்ணியோட கரைஞ்சிரும். அலசுன டம்ளரை வாசல்லயே கழுவு, அடுப்படிக்குள்ள கொண்டு போன, அப்புறம் ஒங்க அத்தை நெருப்பைத் துப்புவா.

சொட்டு விழுந்த எடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு முடிவு கட்டாத. ஓலை வீட்டுல மழை ஒழுகுறதைப் பாத்திருக்கியா? நீ எங்க பாத்திருப்ப, அப்பார்ட்மெண்டுல பொறந்தவன். ஓட்டை ஒரு எடத்துல இருக்கும், தண்ணி கம்பு வழியா நடந்து போய் வேற எடத்துல கட்டில்ல சொட்டும். பிரேக் ஆயிலும் அப்பிடித்தான். பைப் மேலயே நடந்து போகும். வண்டி ஓடுறப்போ காத்து வேற பின்னால தள்ளிவிடும். அதனால எல்லாத்தையும் முதல்ல சுத்தமாத் துடை. ஒருத்தரை உள்ள உக்கார வச்சு பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லு. நீ வேஸ்ட் துணியால ஒத்தி ஒத்தி மேல ஏறு. ஈரம் எங்க தொடங்குதோ அங்கதான் திருடன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காத, ஸ்டாண்டு குடுத்துட்டுப் படு.

பின் சக்கரத்து டிரம்மைக் கழட்டு. வீல் சிலிண்டர் முனையில ரப்பர் தொப்பி இருக்கும். நகத்தால லேசா விலக்கிப் பாரு. உள்ள காஞ்சு கெடந்தா அது பத்தினி. பொட்டு ஈரம் இருந்தாலும் பக்கெட்டுங்கற உள் ரப்பர் போயிட்டு. கருப்பு மாவு மாதிரி இருக்க வேண்டிய பிரேக் தூசி சேறாக் கொழைஞ்சிருக்கும், டயரோட உள்பக்கம் பளபளன்னு வழிஞ்சிருக்கும். ஆயில் குடிச்ச லைனரைத் துடைச்சு மாட்டலாம்னு பாக்காத, தூரப் போடு. இல்லேன்னா பிரேக் அடிச்சதும் வண்டி ஒரு பக்கமா இழுக்கும். கல்யாண வீட்டுல பந்தி பக்கம் ஒன்னைய இழுக்குமே, அது மாதிரி.

அப்புறம் மாஸ்டர் சிலிண்டர். அதுக்குக் கீழ பெயிண்ட் தோல் உரிஞ்சு கெடந்தா சாட்சியே வேண்டாம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். சிந்தினா ஒடனே தண்ணி ஊத்திக் கழுவணும். உள்ள பெடல் தொங்குற எடத்துல விரலை விட்டுப் பாரு. பிசுபிசுன்னு இருந்தா பின்பக்கத்து சீல் கசியுது. ஒன் கால்மிதி ஈரமா இருந்ததுக்கு மழையைத் திட்டுனியே, மழை கிட்ட மன்னிப்புக் கேளு.

எங்கயுமே ஈரம் இல்ல, பெடலை மிதிச்சுக்கிட்டே இருந்தா மெதுவா இறங்கிப் போவுதா? அதுதான் கமுக்கக் கள்ளன். மாஸ்டருக்குள்ளயே பக்கெட்டைத் தாண்டி ஆயில் முன்னயும் பின்னயும் போகும், வெளிய ஒரு சொட்டு வராது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, ரெண்டு தடவை அடிச்சதும் மேல வருதுன்னா அது வேற. உள்ள காத்து இருக்கும், இல்லேன்னா பின் பிரேக்கு இறுக்கம் பத்தாம இருக்கும்.

இவ்வளவு ஏன் நோண்டுதேன்னா, அந்தக் காலத்து வண்டிக்கு ஒத்தை லைன் மாப்ள. இப்ப வார வண்டியில ரெண்டு பங்கா பிரிச்சிருக்கான், ஒண்ணு போனா மத்தது நிறுத்தும். ஒனக்கு ஒரு பைப் வெடிச்சா நாலு சக்கரமும் கை விரிச்சிரும். அப்புறம் ஹேண்ட் பிரேக்கும் குலசாமியுந்தான்.

பைப் ஜாயிண்ட்ல வெள்ளை டேப் சுத்தியிருக்கியே, அது தண்ணிக் குழாய்க்குச் சுத்துறது. பிரேக் பைப்புல மரை தடுக்காது. பைப்போட வாய் விரிஞ்சு உக்காருற எடந்தான் தடுக்கும். செம்பு வாஷர் உள்ள எடத்துல கழட்டுன வாஷரையே திரும்பப் போட்டிருக்க. கசார்னா மராட்டியில வெண்கலம் பித்தளை வேலை செய்றவங்க. கன்னார் பேரைச் சொல்லுற ஊர்ல குடியிருந்துக்கிட்டு ஒரு செம்பு வளையத்துக்குக் கஞ்சத்தனம் பாத்தவன் நீ ஒருத்தந்தான்.

பக்கெட் மாத்துறப்போ சிலிண்டருக்குள்ள டார்ச் அடி. துரு கடிச்ச குழி இருந்தா புதுப் பக்கெட்டும் நாளைக்கே கிழியும், சிலிண்டரையே மாத்து. ரப்பரை பெட்ரோல்ல கழுவாத, ஊதிப் போகும். பிரேக் ஆயில்லயே கழுவு. பிரிச்சு வச்ச பழைய டப்பாவை ஊத்தாத. அது காத்துல இருக்க ஈரத்தைக் குடிக்கும், அதுவும் நம்ம ஊரு ஆடி மழையில கேக்கவே வேண்டாம். டாட் 4 ஆயிலுக்குக் கணக்கு, புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும். ஈரம் குடிச்சா 155 தாங்கினாப் போதும்னு வச்சிருக்கான். கண்டாலா தாண்டி போர் காட் மலைப்பாதையில இறங்குறப்போ அது கொதிச்சு ஆவியானா, பெடல் தரையைத் தொடும். வண்டி கொப்போலி போய்த்தான் நிக்கும்.

என்ன, ஞாயித்துக்கிழமை மாமாவை லோனாவலா கூட்டிட்டுப் போறியா? ஒன் பாசத்துக்கு நான் குறை சொல்லல. ஆனா நம்ம ஸ்டேஷன்லேர்ந்தே லோக்கல் இருக்கு, அது நிக்க வேண்டிய எடத்துல நிக்குது. நீ ராத்திரி பேப்பரை விரி. காலையில எடுத்துட்டு வந்து காட்டு. நாலு நாள் அதுல அச்சடிச்சதைத் தவிர வேற ஒண்ணும் இல்லேன்னா, அஞ்சாம் நாள் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நானே ஏறி உக்காருதேன். அது வரைக்கும் வண்டி வாசல்லயே நிக்கட்டும். நிக்கிறதுக்குத்தான் அதுக்கு இன்னும் பழக்கம் பத்தல.