இறக்கிய ஹைலக்ஸின் துள்ளலோசை: பகாவ் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நெகிரி செம்பிலான் மாநிலம், ஜெம்போல் மாவட்டம், பகாவ் நகரில் மாலை வேளைகளில் ஓர் ஓசை கேட்கும். டிராஃபிக் லைட் பச்சைக்கு மாறும். நன்றாகக் கீழே இறக்கிய ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று வேகமாகக் கிளம்பும். அதன் பின்பக்கம் தடதடதடவென்று தரையை உதைக்கும். வண்டிக்காரத் தம்பி மறுநாள் பட்டறைக்குப் போய், "அண்ணே, பின்னாடி குதிக்குதுலா" என்பான். அண்ணன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "கட்டை போட்டு இறக்கினா குதிக்காம என்ன செய்யும்?" என்பார். இந்த இரண்டு வரிகளுக்கும் உரை எழுதத் தமிழறிஞர் எவரும் முன்வராததால் இப்பணி என் தலையில் விழுந்தது.

முதலில் ஓசையை வகைப்படுத்துவோம். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என ஓசை நான்கு. யாப்பருங்கலக்காரிகை செய்த அமிதசாகரர் பிக்கப் ஓட்டியவர் அல்லர். ஆயினும் இந்த வகைப்பாடு வண்டிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. செம்பனைக் குலைகளை முகடு தட்ட ஏற்றிக்கொண்டு ஜெராம் பாடாங் பக்கம் முனகிக்கொண்டு போகும் லோரி தூங்கலோசை உடையது. ஓய்வுபெற்ற கிராணியின் கார் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிச் செப்பும். கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே ஓடும் ஹைலக்ஸ் அகவும். இறக்கிய ஹைலக்ஸ் ஒன்றே துள்ளும். ஆகவே அது கலிப்பா.

துள்ளலையும் மூன்றாகப் பிரித்தனர் இலக்கணிகள். ஏந்திசைத் துள்ளல் கலித்தளையால் மட்டும் வருவது. வண்டியில் இது கிளம்பும்போது மட்டும் துள்ளுவது. வெண்டளையும் கலந்து வருவது அகவல் துள்ளல். கிளம்பும்போதும் துள்ளும், பிரேக் அழுத்தினாலும் துள்ளும். பல தளையும் விரவியது பிரிந்திசைத் துள்ளல். பொங்கோல், பள்ளம், பாலத்து விளிம்பு என்று கண்ட இடமெல்லாம் துள்ளும். வாசகர் இதை விளையாட்டாக எண்ணிவிடக் கூடாது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. மூன்றாம் வகை நோய்க்கு முதல் வகை மருந்தை வாங்கி மாட்டிவிட்டு மெக்கானிக்கைத் திட்டும் தம்பிமார் இவ்வட்டாரத்தில் உண்டு.

இனி வரலாறு. பகாவ் பக்கத்தில் போக்குவரத்து ஆக்ஸிலுக்கு முந்தியது. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆற்று நீரோ பஹாங் ஆறு வழியாகத் தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சிறு நிலத்துண்டில் பழைய வணிகர்கள் படகைத் தரையில் இழுத்து மறுபக்கம் இறக்கினார்கள். பெனாரிக்கான் என்று இன்றும் வரலாற்று நூல்கள் பேசும் வழி அதுதான். வயிறு மண்ணில் உரச உரசப் போன அந்தப் படகைவிடக் கீழே எந்த வாகனத்தையும் இறக்க முடியாது. அதற்கு ஸ்பிரிங் கிடையாது, துள்ளலும் கிடையாது. வண்டியை இறக்கும் கலையில் பகாவே முன்னோடி என்று நிறுவ இது ஒன்றே போதும்.

சமூகவியல் பக்கத்தையும் தொட்டுவிடலாம். கெடிஸ் போன்ற தோட்டங்களில் உயரம் துரைக்கு உரியதாக இருந்தது. அவர் ஜீப்பில் மேலே உட்கார்ந்து வந்தார். மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பால்மரம் சீவியவர்கள் நடந்தார்கள். அவர்களுடைய பேரன் கடனுக்கு ஒரு பிக்கப் வாங்கி, ஒரு டன் சுமப்பதற்கென்று செய்த அந்த வண்டியைத் தரையோடு தரையாக இறக்குகிறான். உயரத்தைக் காசு கொடுத்துத் துறந்த முதல் தலைமுறை இதுவே என்பது என் துணிபு. அது அவன் இஷ்டம். ஆய்வாளனின் கவலை பின் ஆக்ஸில் மட்டுமே.

அந்த ஆக்ஸிலைப் பிடித்திருப்பது பட்டை ஸ்பிரிங். லண்டன் வண்டித் தச்சர் ஒபதையா எலியட் 1804-இல் நீள்வட்டப் பட்டை ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1968-இல் வந்த முதல் ஹைலக்ஸின் பின்பக்கத்தில் பட்டைதான். இன்றைய ஹைலக்ஸிலும் பட்டைதான். இந்தப் பட்டைக்கு இரட்டை வேலை. சுமையைத் தாங்க வேண்டும். ஆக்ஸில் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஆக்ஸிலின் கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும்; டிஃப்ரன்ஷலின் மூக்கு மேலே எழும். 2.4 லிட்டர் டீசல் ஹைலக்ஸின் ஆட்டோ கியர் வண்டி 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது. முதல் கியரும் டிஃப்ரன்ஷலும் சேர்ந்து அதைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கிவிடும். பட்டை தாங்காமல் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமுமாக வளைகிறது. டயர் பிடி விட்டதும் வெடுக்கென்று நிமிர்கிறது. டயர் மறுபடி தரையைக் கவ்வ, பட்டை மறுபடி முறுகுகிறது. நொடிக்குப் பத்துத் தடவை அளவில் நடக்கும் இந்த ஊடலும் கூடலுமே துள்ளல்.

கட்டைக்கு இதில் என்ன பங்கு? நூற்பா வருமாறு:

பட்டைக்கும் அச்சுக்கும் இடைப்பட் டிருந்த
கட்டையின் உயரம் கூடுந் தோறும்
முறுகலும் விடுதலும் மிகுமென மொழிப.

இதன் பொருள்: பட்டை கீழும் ஆக்ஸில் மேலுமாக உள்ள வண்டியில் நடுவே கட்டை வைத்து இறக்கினால், ஆக்ஸில் பட்டையை விட்டு இன்னும் மேலே போகிறது. இடைவெளி நீள்கிறது. அதே எஞ்சின் அதே பட்டையைக் கூடுதலாக முறுக்கும் என்பது பட்டறைக் கணிப்பு. 'கூடுந்தோறும்' என்றதனால் இரண்டு அங்குலக் கட்டையினும் மூன்று அங்குலக் கட்டை கேடு என்பது பெறப்பட்டது. 'மொழிப' என்றது யாரை எனின், பட்டறை அண்ணனை.

இந்நோய் தீர்ப்பதில் மூன்று மதங்கள் உள்ளன. மூட்டைவாதிகள், பின்னால் நான்கு மூட்டை மணல் போடு என்பர். பாரம் ஏறினால் டயர் பிடி விடாது, ஆகவே துள்ளாது, இதுவரை சரி. ஆனால் ஏற்கெனவே இறக்கிய வண்டி மூட்டையால் இன்னும் இறங்கி, ஆக்ஸில் மேலே போய் ரப்பர் நிறுத்தியில் முட்டும். ஏந்திசை நீங்கிப் பிரிந்திசை பிடிக்கும். அப்சோர்பர்வாதிகள் விலை கூடிய கேஸ் அப்சோர்பர் ஒன்றே வழி என்பர். இவர்கள் பாதி அறிந்தவர்கள். வண்டியை இறக்கிவிட்டுப் பழைய நீளமுள்ள அப்சோர்பரையே விட்டால் அது பாதியிலேயே அடி தட்டும். பிரிந்திசைத் துள்ளலுக்கு அதுவே முதல் சந்தேகம். சோதிப்பது எளிது. அப்சோர்பர் கம்பியில் ஒரு கேபிள் டை கட்டி, ரோம்பின் சாலையில் ஒரு நடை போய் வாருங்கள். டை கம்பியின் கடைசிவரை தள்ளப்பட்டிருந்தால் குட்டை அப்சோர்பர் வாங்குங்கள். 1967-இன் கமாரோ காரும் துள்ளியது. 1968-இல் அதன் பின் அப்சோர்பர்களில் ஒன்றை ஆக்ஸிலுக்கு முன்னும் ஒன்றைப் பின்னுமாக மாற்றி வைத்துக் குறைத்தார்கள். இந்த வாதத்தில் உண்மை உண்டு என்பதற்கு அது சான்று.

என் கட்சி கம்பிவாதம். ஆக்ஸிலோடு இறுகப் பிடித்த கம்பி ஒன்று பட்டையின் முன்கண்ணுக்குக் கீழ்வரை வந்து, நுனியில் ரப்பரோடு நிற்கும். டிஃப்ரன்ஷல் மூக்கைத் தூக்கினால் கம்பி பட்டையின் முன்முனையில் முட்டி அதை அமர்த்தும். முறுகலே இல்லையென்றால் விடுதல் ஏது? ஏந்திசைக்கு இதுவே தலைமருந்து. சாய்வு ஆப்பு வைத்து டிஃப்ரன்ஷல் மூக்கைச் சீராக்குவதும் நல்லதே. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிராது. ஆனால் ஆப்பு மட்டும் வைத்துத் துள்ளலை நிறுத்தியதாகச் சொல்பவர் நமக்குத்தான் ஆப்பு வைக்கிறார். பட்டையில் ஓர் இலையை உருவி இறக்குவது இன்னும் மோசம். இலையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப இருப்பது. தடித்த இலை ஒன்று போனால் போவது கொஞ்சமல்ல.

இறக்க நினைப்போர் சாலைப் போக்குவரத்துத் துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கம்பியின் விலையைவிட அபராதம் கூடுதலாக வலிக்கும். ஏற்கெனவே இறக்கிவிட்டவர்கள், கம்பி வாங்கக் காசு எடுப்பதற்கு முன், யு-போல்ட் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். புதுக் கட்டை அழுந்தி உட்கார்ந்ததும் அவை தளர்ந்துவிடும். அகவல் துள்ளல் அங்கேயே தீர்ந்துபோவதும் உண்டு.